எலுமிச்சை வாசனை சோப்பில் நிலைத்து நிற்க என்ன செய்யலாம்?



சோப்பு தயாரிப்பில் இறங்கியுள்ள நம் குழுக்களிடம் எங்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான். "அச்சுல ஊத்தும்போது வீடே மணக்குது. ஒரு மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா ஒண்ணுமே இல்லையே, ஏன்?" குறிப்பாக எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்த்த சோப்புகளில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இதில் குழுவின் பணம் இருக்கிறது. உள்கடன் எடுத்தோ, சுழல் நிதியிலிருந்தோ வாங்கிய தைலம் காற்றில் போய்விடுகிறது. கண்காட்சியில் வாங்கியவர் வீட்டில் குளிக்கும்போது வாசனை வரவில்லை என்றால் அடுத்த முறை நம் கடைப் பக்கம் திரும்ப மாட்டார். முதல் சோப்பைப் பேச்சுத் திறமையால் விற்றுவிடலாம். இரண்டாவது சோப்பை, முதல் சோப்புதான் விற்றுக் கொடுக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் கூடுதலா ஊத்துவோம்" என்பதுதான் எல்லோரும் முதலில் நினைப்பது. அது தீர்வு அல்ல. ஓட்டைக் குடத்தில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் அது. வாசனை ஏன் போகிறது என்று தெரிந்துகொண்டால், குறைந்த செலவில் அதை நிறுத்தவும் வழி தெரியும்.

வாசனை ஏன் பறந்து போகிறது?

ஓடும் பேருந்தில் யாராவது ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்தால் ஒரு நிமிடத்தில் பேருந்து முழுக்க மணக்கிறது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அந்த மணம் காணாமல் போகிறது. ஆனால் கோடையில் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டியைப் பாருங்கள். அடுத்த கோடையிலும் தண்ணீர் தெளித்தால் மணக்கிறது. வேகமாகப் பரவும் வாசனை வேகமாகவே போய்விடும். மெதுவாக வரும் வாசனை நெடுநாள் நிற்கும்.

ஆரஞ்சுத் தோல் தைலத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் இருப்பது லிமோனின் என்ற பொருள். இது மிக லேசானது, சீக்கிரம் ஆவியாகக்கூடியது. எலுமிச்சைத் தோல் தைலத்திலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதுதான். இந்த லேசான பொருளுக்கு நம் சோப்பில் நான்கு எதிரிகள் இருக்கிறார்கள்.

1. சூடு: காஸ்டிக் சோடாவும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து சோப்பாக மாறும்போது கலவை தானாகவே சூடாகும். பெரிய பெட்டி அச்சில் ஊற்றி, சாக்குப் போட்டு மூடினால் சூடு இன்னும் ஏறும். அந்தச் சூட்டிலேயே ஒரு பங்கு வாசனை போய்விடும்.

2. காரம்: காஸ்டிக் சோடா முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து முடியும் வரை, அது வாசனைப் பொருட்களில் சிலவற்றையும் தாக்கும்.

3. காற்று: சோப்பை 4 முதல் 6 வாரம் காற்றோட்டமாக உலர வைக்கிறோம். தண்ணீர் போகும்போது லேசான வாசனையும் கூடவே போகிறது.

4. பழைய தைலம்: மூடி திறந்து பல மாதமான ஆரஞ்சு, எலுமிச்சைத் தைலம் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். வாசனை டர்பன்டைன் மாதிரி அடிக்கும். கெட்ட தைலம் தோலில் ஒவ்வாமையையும் உண்டாக்கும். அதைச் சோப்பில் போடவே கூடாது.

சாறும் தோலும் வாசனை தராது

"எதுக்குக் காசு கொடுத்துத் தைலம் வாங்கணும்? வீட்டுல காய்க்கிற எலுமிச்சையைப் பிழிஞ்சு ஊத்துனா ஆகாதா?" என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எலுமிச்சையின் மணம் சாற்றில் இல்லை, தோலில் உள்ள நுண்ணிய தைலப் பைகளில் இருக்கிறது. சாற்றில் இருப்பது சிட்ரிக் அமிலம். அதைச் சோப்பில் ஊற்றினால், எண்ணெயோடு சேர வேண்டிய காஸ்டிக் சோடாவில் ஒரு பகுதியை அமிலம் தின்றுவிடும். அளவு மாறிப் போகும், மணமும் வராது.

தோலைக் காயவைத்துப் பொடி செய்து போடுவதும் அப்படித்தான். பொடி சோப்பில் பழுப்பாக மாறும். உடம்பைத் தேய்க்கக் கொஞ்சம் சொரசொரப்பு கிடைக்கும், அவ்வளவுதான். வாசனைக்கு அதை நம்ப வேண்டாம்.

எலுமிச்சை வாசனையின் உயிர் எங்கே இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் முக்கியமான செய்தி இதுதான். எலுமிச்சையை முகர்ந்ததும் "இது எலுமிச்சை" என்று நம் மூக்குக்குச் சொல்வது சிட்ரால் என்ற பொருள். எலுமிச்சைத் தோல் தைலத்தில் அது 100-க்குச் சில பங்குதான் உண்டு. மீதியெல்லாம் பறந்துபோகும் சரக்கு. ஆனால் எலுமிச்சைப்புல் இருக்கிறதே, அதன் தைலத்தில் 100-க்கு 70 முதல் 80 பங்கு வரை சிட்ரால் இருக்கிறது! லிமோனினைவிட சிட்ரால் மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் சோப்பில் நன்றாக நிற்கும்.

அதாவது, சோப்பில் நிற்கும் எலுமிச்சை வாசனை பழத்திலிருந்து வருவதைவிடப் புல்லிலிருந்தே நன்றாக வரும். விலையிலும் எலுமிச்சைப்புல் தைலம் சாதாரணமாக எலுமிச்சைத் தோல் தைலத்தைவிடக் குறைவு. நம் பக்கத்து மாநிலமான கேரளம் இந்தத் தைலத்துக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. உலகச் சந்தையில் 'கொச்சின் ஆயில்' என்றே அழைத்தார்கள். அங்கே ஓடக்காலி என்ற ஊரில் உள்ள வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'சுகந்தி' என்ற நல்ல புல் ரகத்தை வெளியிட்டிருக்கிறது. லக்னோவில் 1959-ல் தொடங்கிய மத்திய மருந்து, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் பல ரகங்களைக் கொடுத்துள்ளது. மானாவாரி நிலத்திலும் இந்தப் புல் வளரும். ஆடு, மாடு அதிகம் கடிக்காது.

ஆனால் எலுமிச்சைப்புல் தைலத்தை மட்டும் போட்டால் வாடிக்கையாளர் "இது புல்லு வாசனை மாதிரி இருக்கே" என்பார். அதனால்தான் கலவை தேவைப்படுகிறது.

மூன்று அடுக்கு வாசனை

ரசம் வைக்கும்போது கடைசியில் கிள்ளிப் போடும் கொத்தமல்லித் தழை முதலில் மணக்கும், சீக்கிரம் அடங்கிவிடும். சீரகமும் மிளகும் சாப்பிடும் வரை இருக்கும். பெருங்காயம் பாத்திரம் கழுவின பிறகும் விடாது! வாசனைத் தைலங்களும் இப்படி மூன்று அடுக்குதான்.

மேல் வாசனை: ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் தைலம், நீலகிரித் தைலம். முகர்ந்த உடனே மனதைக் கவரும். முதலில் போய்விடும்.

நடு வாசனை: எலுமிச்சைப்புல், பாமரோசா, கிராம்புத் தைலம். கலவைக்கு உடம்பு கொடுப்பது இதுதான். பாமரோசா என்பதும் ஒரு புல்தான், வாசனை ரோஜாப் பூவை நினைவூட்டும்.

அடி வாசனை: வெட்டிவேர், பச்சௌலி. மிக மெதுவாக ஆவியாகும். லேசான வாசனைகள் போன பிறகும் சோப்பு வெறும் சோப்பு நாற்றம் அடிக்காமல் தாங்கிப் பிடிக்கும். கடலூர் மாவட்டக் கடற்கரை மணலில் விளையும் வெட்டிவேர் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதன் தைலம் விலை அதிகம், ஆனால் கிராம் கணக்கில்தான் தேவைப்படும். 'பச்சௌலி' என்ற பெயரே தமிழிலிருந்து போனது என்பார்கள்.

வெளுத்த துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் கடுக்காய்த் தண்ணீரில் நனைப்பார்களே, அப்படி அடி வாசனையை ஒரு பிடிமானம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அளவு மட்டும் மிஞ்சக் கூடாது. பச்சௌலி அதிகமானால் மண் வாசனைதான் மேலே வரும், எலுமிச்சை அமுங்கிவிடும்.

கடையில் வாங்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள்:

ஒன்று, ஆரஞ்சுத் தைலத்தில் '5 மடங்கு', '10 மடங்கு' என்று அடர்த்தியாக்கிய வகை உண்டு. லிமோனினில் ஒரு பெரும் பகுதியை நீக்கிவிட்டு மணமுள்ள பகுதியை மிச்சம் வைத்திருப்பார்கள். விலை கூடுதல். ஆனால் சோப்பில் சாதாரண ஆரஞ்சுத் தைலத்தைவிட நன்றாக நிற்கும். மொத்த வியாபாரியிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு, 'லிட்சியா' என்ற தைலமும் கிடைக்கிறது. அதுவும் பெரும்பகுதி சிட்ரால்தான். புல் வாசனை குறைவாக, பழ வாசனைக்கு நெருக்கமாக இருக்கும். கிடைத்தால் எலுமிச்சைப்புல் தைலத்தில் பாதிக்குப் பதில் இதைச் சேர்க்கலாம்.

மூன்று கலவைகள்

கீழே உள்ளது 1 கிலோ தேங்காய் எண்ணெய், 170 கிராம் காஸ்டிக் சோடா, 350 மி.லி. தண்ணீர் என்ற அளவில் செய்யும் சோப்புக்கு. எண்ணெய் எடையில் 100-க்கு 3 பங்கு, அதாவது கிலோவுக்கு 30 கிராம் வாசனைத் தைலம் போதும். அதற்கு மேல் போனால் செலவும் கூடும், தோலுக்கும் ஆகாது.

கலவை 1 – எலுமிச்சை
எலுமிச்சைப்புல் தைலம் – 12 கிராம்
ஆரஞ்சுத் தைலம் (10 மடங்கு) – 9 கிராம்
பாமரோசா – 4 கிராம்
பச்சௌலி – 3 கிராம்
வெட்டிவேர்த் தைலம் – 2 கிராம்
மொத்தம் – 30 கிராம்

கலவை 2 – ஆரஞ்சு
ஆரஞ்சுத் தைலம் (10 மடங்கு) – 15 கிராம்
எலுமிச்சைப்புல் தைலம் – 6 கிராம்
பாமரோசா – 5 கிராம்
பச்சௌலி – 3 கிராம்
கிராம்புத் தைலம் – 1 கிராம்
மொத்தம் – 30 கிராம்

கலவை 3 – குறைந்த செலவில்
எலுமிச்சைப்புல் தைலம் – 12 கிராம்
நீலகிரித் தைலம் – 4 கிராம்
பச்சௌலி – 2 கிராம்
மொத்தம் – 18 கிராம்

எலுமிச்சைப்புல் தைலம் கிலோவுக்கு 12 கிராமைத் தாண்ட வேண்டாம். சிட்ரால் அதிகமானால் சிலருக்குத் தோலில் அரிப்பு வரும். கிராம்புத் தைலம் 1 கிராமோடு நிறுத்துங்கள். அது கலவையைச் சட்டென்று கெட்டியாக்கிவிடும், அச்சில் ஊற்றக் கை ஓடாது. சிட்ரோனெல்லா தைலத்தை இதில் சேர்க்காமல் இருப்பது நல்லது. முகர்ந்தவுடன் மக்களுக்குக் கொசு விரட்டிதான் ஞாபகம் வரும்!

எலுமிச்சைப்புல் தைலம் சோப்புக்கு மஞ்சள் நிறமும் தரும். தனியாக நிறம் வாங்க வேண்டிய செலவு மிச்சம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

1. சொட்டுக் கணக்கு வேண்டாம். ஒவ்வொரு தைலத்தின் சொட்டும் ஒவ்வொரு அளவு. 0.1 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்றைக் குழுவுக்கு வாங்குங்கள். போன முறை வந்த அதே வாசனை அடுத்த முறையும் வர வேண்டுமானால் எடைதான் வழி.

2. தைலங்களை ஒரு வாரம் முன்பே எடை போட்டு, ஒரே கண்ணாடிப் பாட்டிலில் கலந்து, இறுக மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வாசனைகள் ஒன்றோடு ஒன்று இழைந்துவிடும். ஒரு துண்டுக் காகிதத்தில் தொட்டு வைத்து மறுநாள், மூன்றாம் நாள் முகர்ந்து பாருங்கள். எது நிற்கிறது, எது போகிறது என்று அப்போதே ஓரளவு தெரியும்.

3. பிளாஸ்டிக் டம்ளர், தெர்மகோல் கப்பில் ஊற்றாதீர்கள். ஆரஞ்சுத் தைலம் தெர்மகோலைக் கரைத்துவிடும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. காஸ்டிக் சோடா வேலைக்கு அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அது அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கும் வாயுவை உண்டாக்கும்.

4. எண்ணெயும் காஸ்டிக் கரைசலும் 35 முதல் 40 டிகிரிக்கு ஆறின பிறகு சேருங்கள். பாத்திரத்தை வெளியே தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்க வேண்டும். வெப்பமானி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கலவைக்குள் விரல் விட்டுப் பார்க்கக் கூடாது.

5. கலவை நீர்த்த தோசை மாவுப் பதம் வந்ததும் தைலத்தை ஊற்றி, ஒன்றிரண்டு நிமிடம் கலக்கி, உடனே அச்சில் ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் காரமும் சூடும் கூடுதல் நேரம் தாக்கும்.

6. எலுமிச்சை, ஆரஞ்சு சோப்புக்குப் பெரிய பெட்டி அச்சைவிடத் தனித்தனிச் சிறு அச்சுகள் நல்லது. சூடு சீக்கிரம் வெளியேறும். சாக்கு, கம்பளி போட்டு மூட வேண்டாம்.

7. முல்தானி மட்டி அல்லது வெள்ளைக் களிமண் தூள் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் வாசனை பிடித்து நிற்கும் என்று சோப்பு செய்பவர்கள் பலர் சொல்வார்கள். சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் அதையே நம்பி அடி வாசனையை விட்டுவிடக் கூடாது.

8. உலர வைப்பது நிழலில், காற்றோட்டமாக. வெயில் கூடாது. வேறு வாசனைச் சோப்போடு சேர்த்து அடுக்காதீர்கள், ஒன்றின் மணம் மற்றதில் ஏறும். குறைந்தது 4 வாரம் ஆனதும் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். அதற்குப் பிறகும் திறந்தே வைத்திருந்தால் வாசனைதான் வீணாகும்.

பாதுகாப்பு – ஒரு நாளும் மறக்கக் கூடாதது

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். "எலுமிச்சை தேய்ச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

வாசனைத் தைலம் இயற்கையானதுதானே என்று வெறும் கையால் எடுக்கக் கூடாது. அடுப்பு, விளக்கு அருகில் திறக்கக் கூடாது, தீப்பிடிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கைக்குழந்தைகளுக்கான சோப்பில் இந்த வாசனைகள் எதுவும் வேண்டாம்.

விற்கும் முன் சோதனை

எங்கள் கூட்டங்களில் நாங்கள் வலியுறுத்துவது இதைத்தான்: 50 கிலோ போடுவதற்கு முன் 1 கிலோ போட்டுப் பாருங்கள். ஒரே கலவையை, தைலம் சேர்க்கும் முன் நான்கு பாத்திரத்தில் சமமாகப் பிரியுங்கள்.

முதல் பாத்திரம்: ஆரஞ்சுத் தைலம் மட்டும், 7.5 கிராம்
இரண்டாவது: எலுமிச்சைப்புல் தைலம் மட்டும், 3 கிராம்
மூன்றாவது: கலவை 1, 7.5 கிராம்
நான்காவது: கலவை 2, 7.5 கிராம்

ஒவ்வொன்றிலும் சுமார் 5 சோப்பு வரும். எண்ணும் தேதியும் குறித்து வையுங்கள். 4-வது வாரம், 8-வது வாரம், 12-வது வாரம் ஒவ்வொரு வகையிலும் ஒரு சோப்பை எடுத்துக் கை கழுவிப் பாருங்கள். எது எந்தக் கலவை என்று தெரியாத உறுப்பினர்களைக் கூப்பிட்டு முகரச் சொல்லி, மதிப்பெண் போடச் சொல்லுங்கள். செய்தவரே முகர்ந்தால் தன் சோப்புதான் மணக்கும்!

இங்கே ஒரு விஷயம். காய்ந்த சோப்பின் மேற்பரப்பை மட்டும் முகர்ந்து "வாசனை போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். மேலே உள்ள வாசனை முதலில் போகும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். தண்ணீர் பட்டு மேல் படலம் கரைந்ததும் உள் வாசனை வெளியே வரும். வாடிக்கையாளருக்கு வேண்டியதும் குளிக்கும்போது வரும் வாசனைதானே. அதனால் சோதனை எப்போதும் தண்ணீரில்தான்.

கண்காட்சியிலும் இதைப் பயன்படுத்தலாம். ஒரு சோப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு துண்டு வைத்து, "கை கழுவிப் பாருங்கக்கா" என்று சொல்லுங்கள். பத்து நிமிடப் பேச்சு மிச்சம்.

செலவுக் கணக்கு

1 கிலோ எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர் எல்லாம் சேர்ந்து சுமார் 1,520 கிராம் கலவை. 76 கிராம் வீதம் 20 சோப்பு. 30 கிராம் தைலத்தை 20 சோப்புக்குப் பிரித்தால் சோப்புக்கு 1.5 கிராம்.

உங்கள் தைலக் கலவை சராசரியாகக் கிராம் 2 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணம்தான், வாங்கும் அன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியானால் ஒரு சோப்பில் வாசனைக்கு மட்டும் 3 ரூபாய். 100 சோப்புக்கு 300 ரூபாய். இந்த 300 ரூபாய் உலரும் அறையிலேயே பறந்து போகிறதா, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. ஆரஞ்சுத் தைலத்தை மட்டும் ஊற்றும் குழு பெரும்பகுதியை அறைக்கே கொடுத்துவிடுகிறது. விலை நிர்ணயிக்கும்போது இந்த 3 ரூபாயைத் தனி வரியாக எழுதுங்கள். "மொத்தத்துல ஏதோ லாபம் வருது" என்று போனால் எங்கே நட்டம் என்றே தெரியாது.

இன்னொன்று, சோப்பு உலரும்போது எடை குறையும். உறையில் அச்சிட வேண்டியது உலர்ந்த பிறகு உள்ள எடை. ஈரச் சோப்பின் எடையை அச்சிட்டால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும், சட்டப்படியும் குற்றம்.

நேர்மையான உறை

மலிவாகக் கிடைக்கிறதே என்று 'லெமன் ஆயில்' என்ற பெயரில் செயற்கை வாசனையை வாங்கி வந்துவிடாதீர்கள். செயற்கை வாசனை போடுவதே தவறு என்று சொல்லவில்லை. அதைப் போட்டுவிட்டு உறையில் 'இயற்கை' என்று எழுதுவதுதான் தவறு. எலுமிச்சைப்புல், ஆரஞ்சுத் தைலம் வாங்கும்போது வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். பஜ்ஜி வைத்த காகிதம் போல எண்ணெய்க் கறை பரவி நின்றால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பச்சௌலி, வெட்டிவேருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை இயல்பாகவே கறை விடும்.

எலுமிச்சைப்புல் கலந்த சோப்பை 'எலுமிச்சைப்புல் – ஆரஞ்சு சோப்பு' என்றே பெயரிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்று பலர் அந்தப் பெயரைத் தேடியே வாங்குகிறார்கள்.

குளியல் சோப்பு சட்டப்படி அழகு சாதனப் பொருள் கணக்கில் வருகிறது. வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. விற்பனைக்குச் செய்யும் குழுக்கள் உற்பத்தி உரிமம் பற்றி மாவட்டத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும்படி செய்ய வேண்டும். உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்க வேண்டிய விவரம் எல்லாம் இருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

சோப்பு செய்யும் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எழுதுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு முறை சோப்பு போடும்போதும் தைலத்தின் பெயர், எடை, வாங்கிய தேதி, ஊற்றிய தேதி ஆகியவற்றை ஒரு தனி நோட்டில் பதிவது. படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்கட்டும். இந்த நோட்டு குழுவின் சொத்து, ஒருவர் மனதில் மட்டும் இருக்கும் ரகசியமாக இருக்கக் கூடாது.

இரண்டு, ஆரஞ்சு, எலுமிச்சைத் தைலத்தை மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்காமல் இருப்பது. பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலில், முடிந்தவரை நிரம்பிய நிலையில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பது.

மூன்று, 8-வது வாரத்திலும் கை கழுவும்போது மணக்கும் கலவையை மட்டுமே விற்பனைக்குத் தேர்ந்தெடுப்பது.

நம் பகுதியில் யாருக்காவது தரிசு நிலம் இருந்து, எலுமிச்சைப்புல் வளர்க்க ஆர்வம் இருந்தால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் நாற்று பற்றிக் கேட்கலாம். தைலம் வடிக்கும் கொதிகலன் ஒரு குழுவால் மட்டும் வாங்கக் கூடியது அல்ல. அது கூட்டமைப்பு அளவில் பேச வேண்டிய விஷயம். எத்தனை குழுக்களுக்கு எவ்வளவு தைலம் தேவை என்று கணக்கு இருந்தால்தான் அந்தப் பேச்சையே தொடங்க முடியும். அதற்கும் முதல் படி அந்த நோட்டுதான்.

சோதனை செய்து பார்த்த குழுக்கள் 4, 8, 12-வது வார மதிப்பெண்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், அல்லது மாதாந்திரக் கூட்டத்துக்குச் சோப்போடு வாருங்கள். எந்தக் கலவை நம் ஊர்த் தண்ணீருக்கும் நம் மக்களுக்கும் ஒத்து வருகிறது என்பதை எல்லோரும் சேர்ந்து கை கழுவிப் பார்த்தே முடிவு செய்வோம்.